மூன்று சர்வர்களுக்கு ஒரு பேக்கப் சேமிப்பகம்: வட்டு வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வியின் சாரம் இது. அலுவலகத்தில் ஒரு ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட் (பல விர்ச்சுவல் இயந்திரங்களை ஓட்டும் கணினி), போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் ஓடும் தனி லினக்ஸ் சர்வர், விண்டோஸ் ஃபைல் சர்வர் என மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. மொத்தத் தரவு ஏறக்குறைய 5 டெராபைட். இதுவரை யூஎஸ்பி வட்டுகளில் எடுத்துவந்த பேக்கப்பை இனி ஒரு நாஸுக்கு (வலையமைப்பில் இணைந்த சேமிப்பகப் பெட்டிக்கு) மாற்றி, 8 டெராபைட் வட்டுகள் நான்கை ரெய்டு 5 முறையில் (ஒரு வட்டு போனாலும் தரவு நிற்கும்படி) இணைத்து, என்எஃப்எஸ் (கோப்புறையாகப் பகிரும் நெறிமுறை) அல்லது ஐஸ்கசி (வட்டாகவே கொடுக்கும் நெறிமுறை) வழியாக மூன்றுக்கும் பகிர்ந்து கொடுக்க நினைக்கிறீர்கள். எந்த மாடல் வாங்கலாம், என்எஃப்எஸ்ஸா ஐஸ்கசியா என்பவைதான் நீங்கள் கேட்டவை. இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் மாடலைவிடவும் நெறிமுறையைவிடவும் முக்கியமாக நான் கருதுவது, கேள்வியில் இடம்பெறாத ஒன்று: ஒரு சர்வரை முழுவதுமாகக் கைப்பற்றிய ஒருவர், அந்த சர்வரில் இருந்தபடியே அதன் பேக்கப்பையும் அழித்துவிட முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாஸும் உங்கள் சர்வரில் செருகிய இன்னொரு வட்டு மட்டுமே.

முதலில் மீட்பு வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பேக்கப் எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அது இரவில் நடக்கும் வேலை, முதல் முழுப் பேக்கப்புக்குப் பிறகு மாறிய பகுதி மட்டுமே செல்லும், ஆகவே அரிதாகத்தான் தொல்லை கொடுக்கும். மீட்பு அப்படியல்ல, அது முழு அளவும் ஒரே மூச்சில் திரும்பி வர வேண்டிய வேலை, அதுவும் அலுவலகம் முழுவதும் காத்திருக்கும்போது. ஒரு கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் கிடைக்கும் என்று வைத்தால், 5 டெராபைட் திரும்ப வர 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2.5 கிகாபிட் இணைப்பில் அது 5 மணி நேரமாகக் குறையும். 10 கிகாபிட் கொடுத்தால் தடை வட்டுகளுக்கு நகர்ந்துவிடும். நான்கு வட்டுகள் சேர்ந்து நொடிக்கு 400 மெகாபைட் தந்தால் மூன்றரை மணி நேரம். ஒரு வேலைநாள் முழுவதும் போனாலும் பரவாயில்லை என்று நிர்வாகம் சொன்னால் கிகாபிட் போதும்; இல்லையென்றால் பணத்தைப் பெரிய செயலிக்கோ எஸ்எஸ்டி கேச்சுக்கோ செலவிடாமல் வலையமைப்பு அட்டைக்கும் ஸ்விட்சுக்கும் செலவிடுங்கள். பேக்கப் என்பது பெரும்பாலும் வரிசையாக எழுதும் வேலை என்பதால் கேச் வட்டுகளால் பெரிய பயன் இல்லை. இரண்டு கிகாபிட் போர்ட்டுகளை இணைத்துவிட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். அந்த இணைப்பு பல சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதும்போதுதான் உதவும், ஒற்றைப் பரிமாற்றம் ஒரு போர்ட்டின் வேகத்தைத் தாண்டாது.

மீட்பு வேகத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, நிரல் சேமிப்புச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். அந்த நிறுவனம் பிறகு வெளிப்படையாக வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். தினமும் எடுக்கப்பட வேண்டிய பேக்கப், பதிப்பு எண் பொருந்தாத கருவியால் பல நாட்களாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் முறைக்குத் தேவையான கையொப்பம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட், அதாவது வட்டின் அந்த நேரத்து நிலையின் பிரதி. அதிலிருந்து தரவைத் திரும்பக் கொண்டுவர, மெதுவான வட்டுகளின் காரணமாக, சுமார் 18 மணி நேரம் ஆனது. தரவின் அளவோ வெறும் 300 கிகாபைட் அளவில்தான் இருந்தது.

இனி வட்டுகளுக்கு வருவோம். நான்கு 8 டெராபைட் வட்டுகளை ரெய்டு 5 முறையில் இணைத்தால் பயன்படுத்தத்தக்க இடம் 24 டெராபைட். நான்கு 12 டெராபைட் வட்டுகளை ரெய்டு 6 அல்லது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் ரெய்டு-இசட்2 முறையில் இணைத்தாலும் அதே 24 டெராபைட்தான் கிடைக்கும்; ஆனால் எந்த இரண்டு வட்டுகள் போனாலும் தரவு நிற்கும். நான் இரண்டாவதையே எடுக்கச் சொல்வேன். ஒரு 8 டெராபைட் வட்டு போய்ப் புதியதைச் செருகினால், நொடிக்கு 150 மெகாபைட் என்ற நல்ல வேகத்திலும் மறுகட்டமைப்பு 15 மணி நேரம் ஓடும், இடையில் பேக்கப் வேலைகள் குறுக்கிட்டால் இன்னும் நீளும். அந்த நேரம் முழுவதும் மீதி மூன்று வட்டுகளும் தொடர்ந்து படிக்கப்படுகின்றன. ஒரே பெட்டியில் ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு உழைத்த வட்டுகள் என்பதால், இன்னொன்று சரிவதற்கு மிகவும் வாய்ப்புள்ள நேரமும் அதுதான். 10-இன் 14ஆம் அடுக்கு பிட்களுக்கு ஒரு படிப்புப் பிழை என்று சில வட்டுகளின் குறிப்பில் இருப்பதை எடுத்துக்கொண்டு, 12.5 டெராபைட் படித்தாலே ரெய்டு 5 உறுதியாக உடைந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகைப்படுத்தல், உற்பத்தியாளர் தரும் எண் ஒரு மேல்வரம்பு, வட்டுகள் நடைமுறையில் அதைவிட நன்றாகவே இருக்கின்றன. அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டாலும் ரெய்டு 6-க்கான காரணம் குறையவில்லை.

வட்டு வாங்கும்போது அது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத) வகையா எஸ்எம்ஆர் வகையா என்று தரவுத்தாளில் பார்த்துவிடுங்கள். எஸ்எம்ஆர் வட்டில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்திருப்பதால், ஒரு இடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். நீண்ட மறுகட்டமைப்பின்போது அதன் வேகம் படுத்துவிடும், சில சமயம் வட்டே போய்விட்டது என்று ரெய்டு அமைப்பு முடிவுகட்டி வெளியே தள்ளிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸுக்கென்று விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அதன்பிறகுதான் சிஎம்ஆர் வட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். பெட்டியில் ‘நாஸ்’ என்று அச்சிட்டிருப்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. முடிந்தால் நான்கு வட்டுகளையும் இரண்டு கடைகளில், இரண்டு தொகுதிகளாக வாங்குங்கள்.

அளவு போதுமா என்பதையும் பார்த்துவிடலாம். நாளொன்றுக்குத் தரவில் 2 விழுக்காடு மாறுகிறது என்று கொண்டால் 100 கிகாபைட். 30 நாள் வரலாறு 3 டெராபைட். அதற்குமேல் மாதாந்திரப் பிரதிகள் சில. தரவு ஆண்டுக்கு 20 விழுக்காடு வளர்ந்தால் நான்கு ஆண்டுகளில் 5 டெராபைட் 10 டெராபைட்டைத் தாண்டும். இசட்எஃப்எஸ் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பினால் தடுமாறத் தொடங்கும் என்பதையும் சேர்த்தால், 24 டெராபைட் சரியான அளவு. ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

எந்த இயந்திரம் என்பதில் என் பரிந்துரை நீங்கள் எதிர்பார்த்ததிலிருந்து சற்று விலகும். ப்ராக்ஸ்மாக்ஸையும் போஸ்ட்கிரெஸ்ஸையும் நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் லினக்ஸ் உங்களுக்குப் புதிதல்ல. ஆகவே ஆயத்த நாஸ் பெட்டிக்குப் பதிலாக, பிழையைத் தானே திருத்தும் இசிசி நினைவகம் கொண்ட சிறிய டவர் சர்வர் ஒன்றை வாங்கி, அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற மென்பொருளை இசட்எஃப்எஸ் மீது நிறுவுங்கள். காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. இந்த மென்பொருள் விர்ச்சுவல் இயந்திரங்களின் வட்டுகளை 4 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே உள்ள துண்டை மறுபடி சேமிக்காமல் விடுகிறது. பத்து இயந்திரங்களில் ஒரே இயக்க அமைப்பு இருந்தால் மிச்சமாகும் இடம் கணிசமானது. ஆனால் அதற்கு விலை, லட்சக்கணக்கான சிறு கோப்புகள் 65,536 கோப்புறைகளில் பரவிக் கிடப்பது. பழைய துண்டுகளைக் கூட்டித் தள்ளும் வேலை ஒவ்வொரு கோப்பின் அணுகல் நேரத்தையும் தொட்டுப் பார்த்தே நடக்கிறது. இந்தத் துண்டுகளைத் தாங்கும் டேட்டாஸ்டோர் என்எஃப்எஸ்ஸுக்கு அப்பால் ஒரு நாஸில் இருந்தால் அந்த ஒவ்வொரு தொடுதலும் வலையமைப்பைக் கடந்து போய்வர வேண்டும். சில நிமிடங்களில் முடிய வேண்டியது மணிக்கணக்கில் இழுக்கும். வட்டுகள் உள்ளேயே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கோப்புகளின் மேல்விவரத்தை மட்டும் தாங்க, பிரதிபலிக்கப்பட்ட இரண்டு எஸ்எஸ்டிகளை இசட்எஃப்எஸ்ஸின் ‘ஸ்பெஷல்’ சாதனமாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. இரண்டாக வைப்பது கட்டாயம், ஏனெனில் அந்தச் சாதனம் போனால் முழுத் தொகுப்பும் போய்விடும். ஒரே தரவை மறுபடி சேமிக்காமல் விடும் இசட்எஃப்எஸ்ஸின் சொந்த டீடூப் வசதியை மட்டும் இயக்க வேண்டாம். நினைவகத்தைத் தின்பதைத் தவிர இங்கே அதற்கு வேலை இல்லை.

இயந்திரத்தைப் பராமரிக்க ஆள் இல்லை, அல்லது இருக்கும் ஒருவரும் அடுத்த ஆண்டு இருப்பாரா என்று தெரியாது என்ற நிலை இருந்தால், ஆயத்தப் பெட்டியே நல்லது. அப்போது ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய கோப்பு முறைமை அதில் இருக்கிறதா என்பதையும், குறிப்பிட்ட காலம் வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாத ஸ்னாப்ஷாட் வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். சினாலஜி நிறுவனப் பெட்டிகளில், டிஎஸ்எம் என்ற அதன் இயக்க அமைப்பின் 7.2 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட மாடல்களில், இது கிடைக்கிறது.

நெறிமுறைக் கேள்விக்குச் சுருக்கமான பதில்: லினக்ஸுக்கு என்எஃப்எஸ், விண்டோஸுக்கு அதன் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி, ஐஸ்கசி பெரும்பாலும் வேண்டாம். ஐஸ்கசி வழியாகக் கொடுப்பது கோப்புறை அல்ல, வெறும் வட்டு. அதன்மேல் உள்ள கோப்பு முறைமை சர்வரின் கையில் இருக்கும். ஒரே வட்டை இரண்டு சர்வர்கள் கவனமில்லாமல் மவுண்ட் செய்தால் (தன்னோடு இணைத்துத் திறந்தால்) கோப்பு முறைமை சிதைந்துவிடும். சர்வரில் புகுந்த ரேன்சம்வேருக்கும் (தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலுக்கும்) அது உள்ளூர் வட்டாகவே தெரியும். ஒரே ஒரு விதிவிலக்கைப் பலர் கவனிப்பதில்லை: விண்டோஸ் சர்வரோடு வரும் பேக்கப் கருவி பகிர்வுக் கோப்புறைக்கு எழுதினால் முந்தைய பேக்கப்பின் மேலேயே எழுதும், ஒரு பிரதிதான் மிஞ்சும், வட்டாகக் கொடுத்தால்தான் பல பதிப்புகளை வைத்திருக்கும். அதற்காக ஐஸ்கசிக்குப் போவதைவிட, வீம் நிறுவனத்தின் இலவச விண்டோஸ் ஏஜென்ட்டைக் கொண்டு எஸ்எம்பி பகிர்வுக்கு எழுதுவது எளிது. எஸ்எம்பி முதல் பதிப்பை அணைத்தே வையுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.

என்எஃப்எஸ்ஸைப் பயன்படுத்தும் இடங்களில் மூன்று அமைப்புகளைக் கவனியுங்கள். ‘சாஃப்ட்’ மவுண்ட் வேண்டாம். வலையமைப்பு சற்றுத் தடுமாறினாலும் எழுதும் நிரலுக்குப் பிழை திரும்பிவிடும், அந்தப் பிழையைச் சரிபார்க்காத ஸ்கிரிப்ட் அரைகுறைக் கோப்பை முழுமையானது என்று நம்பி முடித்துவிடும். ‘ஹார்டு’ மவுண்ட் காத்திருக்கும், எரிச்சலூட்டும், ஆனால் பொய் சொல்லாது. அடுத்து, ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ என்பதை இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் இருந்து அப்படியே நகல் செய்யாதீர்கள். முழு அதிகாரம் கொண்ட சர்வரின் ரூட் பயனருக்கு நாஸிலும் ரூட் உரிமை கொடுப்பது அதுதான். மூன்றாவது, மவுண்ட் ஆகாத நிலை. நாஸ் அணைந்திருக்கும் இரவில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடினால், அது வெறும் கோப்புறையில், அதாவது சர்வரின் சொந்த வட்டில், எழுதத் தொடங்கும். காலையில் அந்த வட்டு நிரம்பி, போஸ்ட்கிரெஸ் நின்றிருக்கும். மவுண்ட் ஆகாதபோது அந்தக் கோப்புறையை மாற்ற முடியாததாக, ‘இம்யூட்டபிள்’ பண்புக்கூறு கொடுத்து, பூட்டி வைத்தால் இது நடக்காது. ஒரு வரி வேலைதான்.

இனி முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன்: அழிக்கும் உரிமை யாரிடம்? ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் ஒவ்வொரு சர்வருக்கும் தனி டோக்கன் (நுழைவுச் சாவி) கொடுத்து, அதற்கு ‘டேட்டாஸ்டோர் பேக்கப்’ என்ற பாத்திரத்தை மட்டும் வழங்குங்கள். அந்த டோக்கனால் புதிய பேக்கப் எழுதலாம், தன்னுடையதைப் படிக்கலாம். பழையதை நீக்க முடியாது. நீக்கும் வேலையை, எத்தனை நாள் எதை வைத்திருப்பது என்ற விதியின்படி, பேக்கப் இயந்திரமே செய்யட்டும். தினப் பிரதி 14, வாரப் பிரதி 8, மாதப் பிரதி 12 என்று தொடங்கலாம். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு பிஜி-பேக்ரெஸ்ட் என்ற பேக்கப் கருவி நல்ல தேர்வு, ஆனால் டபிள்யூஏஎல் (தரவுத்தள மாற்றங்களின் பதிவேடு) கோப்புகளை அனுப்ப சர்வருக்கு எழுதும் உரிமை தேவைப்படுகிறது. எழுத முடிந்தவரால் பல சமயம் அழிக்கவும் முடியும். எஸ்எம்பி பகிர்வுக்கும் இதே நிலைதான். இந்த இரண்டு தொகுதிகளையும் தனித்தனி இசட்எஃப்எஸ் டேட்டாசெட்டுகளாக்கி (தொகுப்புக்குள் தனிப் பகுதிகளாக்கி), பேக்கப் இயந்திரமே நாள்தோறும் ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி அமைத்துவிடுங்கள். பகிர்வு வழியாக வரும் யாராலும் ஸ்னாப்ஷாட்டைத் தொட முடியாது. போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தரவுக் கோப்புறையை ஆர்சிங்க் என்ற கோப்பு நகல் கருவி கொண்டு நகலெடுப்பது பேக்கப் ஆகாது என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். அப்படி எடுத்த நகல் கோப்பாக இருக்கும், தரவுத்தளமாக எழுந்து நிற்காது.

பேக்கப் இயந்திரத்தை விண்டோஸ் டொமைனில் (அலுவலகக் கணினிகளின் பொதுப் பயனர் நிர்வாகத்தில்) சேர்க்காதீர்கள். டொமைன் நிர்வாகியின் கடவுச்சொல் களவுபோனால் முதலில் தேடப்படுவது பேக்கப்பைத்தான். அதற்கென்று உள்ளூர்ப் பயனர்கள், வேறு கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, தனி வி-லேன் (பிரித்து வைத்த வலையமைப்புப் பகுதி) ஆகியவை இருக்கட்டும். நிர்வாகப் பக்கம் அந்த வி-லேனுக்குள் ஒரே கணினியிலிருந்து மட்டும் திறக்கட்டும். இணையத்துக்கு அதை ஒருபோதும் திறக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் சாதனங்களைத் தாக்கிய ரேன்சம்வேர்கள் இரண்டும் இணையத்தில் நேரடியாகத் தெரிந்த பெட்டிகளைத்தான் தேடிப் பிடித்தன. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் வட்டுகள், உரிமையாளர் எதுவும் செய்யாமலே, தொலைவிலிருந்து காலி செய்யப்பட்டன. ரவுட்டரில் யூபிஎன்பி இயங்கினால், நீங்கள் திறக்காவிட்டாலும் நாஸ் தானே போர்ட்டைத் திறந்துகொள்ளக்கூடும், அதை அணையுங்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள்.

மறையாக்கம் செய்வதானால் சாவியை எங்கே வைக்கிறீர்கள் என்று யோசியுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்டிலேயே சாவி இருந்து, அந்த ஹோஸ்ட்டே எரிந்துபோனால், 24 டெராபைட் குப்பைதான் மிச்சம். சாவியைக் காகிதத்தில் அச்சிடும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. அச்சிட்டு இரண்டு இடங்களில் பூட்டி வையுங்கள்.

யூபிஎஸ் இல்லாமல் இந்த இயந்திரத்தை ஓட விடாதீர்கள்; நட் மென்பொருள் கொண்டு, மின்கலம் தீரும் முன் தானாக அணையும்படி அமையுங்கள். மாதம் ஒருமுறை இசட்எஃப்எஸ் ஸ்க்ரப், அதோடு பேக்கப் சர்வரின் சரிபார்ப்பு வேலை. இரண்டும் வேறு வேறு. ஸ்க்ரப் வட்டில் பிட்கள் சிதைந்திருந்தால் கண்டுபிடித்துத் திருத்தும். சரிபார்ப்பு, துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, எழுதியபடியே இருக்கின்றனவா என்று பார்க்கும். இரண்டும் பச்சை காட்டினாலும் தரவுத்தளம் எழும் என்பதற்கு அது சான்றாகாது. மாதம் ஒருமுறை ஒரு தனி விர்ச்சுவல் இயந்திரத்தில் போஸ்ட்கிரெஸ்ஸை மீட்டு, முக்கியமான இரண்டு அட்டவணைகளில் கடைசி நாளின் பதிவுகள் இருக்கின்றனவா என்று ஸ்கிரிப்ட் மூலம் கேட்டுப் பாருங்கள். எச்சரிக்கையையும் திருப்பி வையுங்கள்: தோல்வி நடந்தால் மின்னஞ்சல் வரும் என்று நம்புவதற்குப் பதிலாக, வெற்றிச் செய்தி 26 மணி நேரத்துக்குள் வராவிட்டால் வேறொரு இயந்திரம் கூச்சலிடட்டும். கிட்லேப்பில் மௌனமாகப் போன மின்னஞ்சல்கள் இப்படி அமைத்திருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும்.

கடைசியாக, சர்வர்கள் இருக்கும் அறையிலேயே இருக்கும் பேக்கப் தீக்கும் வெள்ளத்துக்கும் திருட்டுக்கும் பதில் ஆகாது. வேறு கட்டடத்தில், பழைய இயந்திரம் ஒன்றில் கூட, இரண்டாவது ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை வைத்து, அது முதலாவதிலிருந்து இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். முதலாவது இரண்டாவதுக்குள் நுழையும் உரிமை எதுவும் வேண்டாம். அந்த ஒத்திசைவு வேலையில் ‘மூலத்தில் மறைந்தவற்றை நீக்கு’ என்ற தேர்வை அணைத்தே வையுங்கள். அது இயங்கினால் முதலாவதில் நடந்த அழிப்பு மறுநாள் இரண்டாவதிலும் நடந்துவிடும். டேட்டாசெட்டுகளில் உள்ள போஸ்ட்கிரெஸ், விண்டோஸ் பிரதிகளை இந்த ஒத்திசைவு எடுத்துச் செல்லாது. அவற்றின் ஸ்னாப்ஷாட்டுகளையும் இசட்எஃப்எஸ் அனுப்பும் வசதி கொண்டு இரண்டாவது இயந்திரமே இழுத்துக்கொள்ளட்டும். 100 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 5 டெராபைட் போய்ச்சேர நாலரை நாளுக்கு மேல் ஆகும், ஆகவே முதல் முழுப் பிரதியை அலுவலகத்துக்குள்ளேயே எடுத்துவிட்டு, பிறகு இயந்திரத்தைக் கொண்டுபோய் வையுங்கள். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 கிகாபைட் என்பது இரண்டேகால் மணி நேர வேலை. இரவு ஒரு மணிக்குத் தொடங்கினால் அலுவலகம் திறக்கும் முன் முடிந்துவிடும்.